எலுமிச்சைப்புல் எண்ணெயில் ஆல்டிஹைடுகளையும் கீட்டோன்களையும் பிரித்து அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எலுமிச்சைப்புல் எண்ணெயின் விலையை அதிலுள்ள சிட்ராலின் அளவே முடிவு செய்கிறது. கொச்சித் துறைமுகம் வழியே ஏற்றுமதியானதால் வணிகத்தில் ‘கொச்சி எண்ணெய்’ என்று பெயர் பெற்ற கிழக்கிந்திய வகையாயினும், மிர்சீன் என்ற ஹைட்ரோகார்பன் கூடுதலாக உள்ள மேற்கிந்திய வகையாயினும், வாங்குபவர் கேட்கும் முதற்கேள்வி சிட்ரால் எத்தனை விழுக்காடு என்பதுதான். எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951இல் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதற்கும் இந்த வணிகமே பின்புலம். சிட்ராலை அசிட்டோனோடு இணைத்துச் செயற்கை முறையில் அயனோன் செய்யலாம் என்று வேதியியலாளர்கள் டீமனும் குரூகரும் 1893இல் காட்டினர். அயனோன் முதலில் வாசனைத் தொழிலுக்கும், பின்னர் வைட்டமின் ஏ உற்பத்திக்கும் மூலப்பொருளாயிற்று.

சிட்ரால் ஓர் ஆல்டிஹைடு. அதே எண்ணெயில் 6-மீதைல்-5-ஹெப்டீன்-2-ஓன் என்ற கீட்டோனும் உண்டு. சுருக்கமாக மீதைல்ஹெப்டீனோன் எனப்படும் இது புதிய எண்ணெயில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும். சிட்ரால் சிதையும்போதும் இதே பொருள் உண்டாகும். எனவே இந்தக் கீட்டோனின் அளவு எண்ணெய் எப்படிக் காய்ச்சப்பட்டது, எப்படி வைக்கப்பட்டது என்பதற்கும் சாட்சி ஆகிறது. ஆல்டிஹைடும் கீட்டோனும் ஒரே கலவையில் இருக்கும்போது அவற்றைப் பிரித்து அளக்கும் எல்லா முறைகளையும், அவற்றின் குறைகளோடு சேர்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மொத்தக் கார்போனைல் (ஆல்டிஹைடு, கீட்டோன் இரண்டிலும் உள்ள, கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த தொகுதி) எவ்வளவு, அதில் ஆல்டிஹைடு எவ்வளவு, அந்த ஆல்டிஹைடில் சிட்ரால் எவ்வளவு என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான முறையால் கிடைத்த எண்ணை இன்னொன்றின் விடையாக எழுதுவதே இந்தத் துறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை என்பது என் கருத்து. கையின் நடுக்கத்தாலோ கருவியின் கோளாறாலோ வரும் பிழைகள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

வேதியியல் அடிப்படை

ஆல்டிஹைடில் கார்போனைல் கார்பனின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் மட்டுமே இருப்பதால் வினைப்பொருள் எளிதில் அணுக முடிகிறது. கீட்டோனில் இரு பக்கமும் கார்பன் தொகுதிகள் அடைத்து நிற்பதோடு, அவை எலக்ட்ரானை வழங்கிக் கார்போனைலின் ஈர்ப்பையும் குறைக்கின்றன. ஆகவே ஒரே வினைப்பொருளோடு இரண்டும் வினைபுரிந்தாலும் வேகமும் சமநிலையும் வேறுபடும். பைசல்ஃபைட் ஆல்டிஹைடுகளோடும், மீதைல் கீட்டோன்களோடும், சைக்ளோஹெக்சனோன் போன்ற சிறிய வளையக் கீட்டோன்களோடும் சேரும். இருபுறமும் பருத்த தொகுதிகளைக் கொண்ட கீட்டோன்களைத் தொடாது. ஹைட்ராக்சிலமீனும் ஹைட்ரசீன் வகைகளும் ஏறத்தாழ எல்லாக் கார்போனைல்களோடும் வினைபுரியும். தடையுள்ள கீட்டோன்களுக்கு நேரம் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும். சில்வர் ஆக்சைடு போன்ற மென்மையான ஆக்சிஜனேற்றிகள் ஆல்டிஹைடை மட்டும் தாக்கும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த வேறுபாடுகளைப் பயன்படுத்துபவையே.

சிட்ரால் இதில் ஒரு சிக்கலைக் கூட்டுகிறது. அது ஜெரானியால் (geranial), நெரால் என்ற இரண்டு வடிவ மாற்றியங்களின் கலவை. (தமிழில் அதே எழுத்துகளில் ஜெரானியால் என்று எழுதப்படும் ஓர் ஆல்கஹாலும் (geraniol) இந்த எண்ணெயில் இருக்கிறது, குழப்பம் வராதிருக்க இங்கே ஆல்டிஹைடைச் சிட்ரால்-ஏ என்றும், நெராலைச் சிட்ரால்-பி என்றும் வழக்கமான பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன்.) இரண்டிலும் ஆல்டிஹைடுக்கு அடுத்தாற்போல் ஓர் இரட்டைப் பிணைப்பும், அதற்கப்பால் இன்னொன்றும் உள்ளன. அமிலத்தில் இந்த மூலக்கூறு வளையமாகிச் சிதையும். காரத்தில் எதிர் ஆல்டால் வினையால் மீதைல்ஹெப்டீனோனாகவும் அசிட்டால்டிஹைடாகவும் உடையும். அதாவது, நாம் பிரிக்க விரும்பும் கீட்டோனை நம் கையாலேயே உண்டாக்கிவிடும் வாய்ப்பு ஒவ்வொரு படியிலும் இருக்கிறது.

முதற்படி: மாதிரியைத் தயார் செய்தல்

காய்ச்சி இறக்கிய எண்ணெயில் நீர் கலந்திருக்கும். ஏறத்தாழ 10 மி.லி. எண்ணெய்க்கு 1 கிராம் வீதம் நீரற்ற சோடியம் சல்ஃபேட்டைச் சேர்த்துக் குலுக்கி, அரைமணி நேரம் விட்டு, உலர்ந்த தாளில் வடிகட்ட வேண்டும். உடனே ஆய்வு செய்யாவிட்டால் பழுப்பு நிறக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, முடிந்தால் மேலே நைட்ரஜன் செலுத்தி, குளிர்பெட்டியில் வைக்கலாம். பாதி நிறைந்த குப்பியில் காற்றோடு கிடக்கும் எண்ணெய் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

குணவழிச் சோதனைகளில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. டாலன்ஸ் கரைசலில் வெள்ளி ஆடி தோன்றினால் ஆல்டிஹைடு உண்டு. 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் கரைசலில் மஞ்சள் முதல் செம்மஞ்சள் வரையிலான வீழ்படிவு வந்தால் ஏதோ ஒரு கார்போனைல் உண்டு. அயோடோஃபார்ம் சோதனை மீதைல் கீட்டோனைக் காட்டும் என்று பாடநூல்கள் சொல்வது சரியே; ஆனால் எத்தனாலும் அசிட்டால்டிஹைடும்கூட அதே மஞ்சள் படிகத்தைத் தரும் என்பதால், கலப்பட எண்ணெயில் அந்தச் சோதனை எதையும் உறுதி செய்யாது.

இரண்டாம் படி: மொத்தக் கார்போனைலைத் தரம்பார்த்தல்

ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு கார்போனைலோடு வினைபுரிந்து ஆக்சைமைத் தரும்போது, ஒரு மோல் கார்போனைலுக்கு ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுபடுகிறது. அந்த அமிலத்தைச் செறிவு அறிந்த காரத்தால் தரம்பார்த்தால் (டைட்ரேஷன் செய்தால்) கார்போனைலின் மோல் எண்ணிக்கை கிடைத்துவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இந்த முறையே நறுமண எண்ணெய்களின் கார்போனைல் எண்ணை அறிய உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது.

ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு 34.75 கிராமை 60 விழுக்காடு எத்தனாலில் கரைத்து 1 லிட்டராக்கினால் 0.5 மோலார் கரைசல் கிடைக்கும். உப்பைக் கரைக்க நீரும், எண்ணெயைக் கரைக்க ஆல்கஹாலும் வேண்டியிருப்பதால்தான் இந்த விகிதம். இதில் சில துளி பிரோமோபீனால் நீலம் சேர்த்து, நிறம் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே பசுமையாக நிற்கும் வரை ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். வினைப்பொருளோடு கூடவே வரும் அமிலத்தை இப்படி முன்னதாகவே நடுநிலையாக்காவிட்டால் அதுவும் சிட்ராலாக எண்ணப்பட்டுவிடும்.

1 கிராம் அளவு எண்ணெயை நான்கு தசம இடங்கள் வரை எடையிட்டுக் கூம்புக் குடுவையில் எடுத்து, மேற்சொன்ன கரைசலில் 25 மி.லி. சேர்க்க வேண்டும். எண்ணெயில் 75 விழுக்காடு சிட்ரால் இருந்தால் அது ஏறத்தாழ 4.9 மில்லிமோல், வினைப்பொருளோ 12.5 மில்லிமோல். இந்த மிகுதி வினையை முடிவு வரை தள்ளுவதற்காக. எண்ணெய் சேர்ந்த சில நொடிகளிலேயே பச்சை மறைந்து கரைசல் மஞ்சளாகும். அங்கேயே தரம்பார்க்கத் தொடங்கி, 0.5 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து விட்டு மீண்டும் அதே பச்சைக்குக் கொண்டுவந்தால், அது நிற்காது. ஓரிரு நிமிடங்களில் மறுபடி மஞ்சளாகும். வினை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நிறம் நிலைத்து நிற்கும் வரை இடைவெளி விட்டுச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியாக அரைமணி நேரம் மூடி வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எண்ணெய் சேர்க்காத அதே கரைசலை இன்னொரு குடுவையில் எடுத்து வெள்ளைத் தாளின் மேல் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இறுதிநிலையின் சாயலை நினைவில் வைத்துக்கொண்டு தரம்பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு இடத்தில் நிறுத்துவார்கள். எண்ணெயே அடர்ந்த நிறமாக இருந்தால் நிறங்காட்டியை விட்டுவிட்டு மின்னழுத்த முறைக்கு மாறிவிடலாம்.

சிட்ராலின் மூலக்கூறு நிறை 152.24 என்பதால், 0.5 மோலார் காரத்தின் ஒவ்வொரு மி.லி.யும் 76.1 மில்லிகிராம் சிட்ராலுக்குச் சமம். சரியாக 1.000 கிராம் எண்ணெய்க்கு 9.85 மி.லி. செலவானால் விடை 75.0 விழுக்காடு. ஆல்கஹால் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி வலிமை குறையும் என்பதால், பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டைக் கொண்டு அதன் செறிவை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

இந்த 75.0 என்பதை ‘சிட்ரால்’ என்று எழுதுவது வழக்கம். உண்மையில் அது சிட்ராலாகக் கணக்கிடப்பட்ட மொத்தக் கார்போனைல். மீதைல்ஹெப்டீனோனின் மூலக்கூறு நிறை 126.20 மட்டுமே. ஆகவே 20 மில்லிகிராம் மீதைல்ஹெப்டீனோன் இந்தக் கணக்கில் 24 மில்லிகிராம் சிட்ராலாகத் தோன்றும். சிட்ரால் சிதைந்து கீட்டோனான பழைய எண்ணெயில் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும்: ஒரு சிட்ரால் மூலக்கூறு உடைந்து ஒரு கீட்டோனும் ஓர் அசிட்டால்டிஹைடும் உண்டானால், கார்போனைல் எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கூடுகிறது. எண்ணெய் கெடும், தரம்பார்த்தலோ அதைக் காட்டாது.

வேறு எண்ணெய்களுக்கு இதே முறையைக் கையாள்பவர்கள் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும். கற்பூரம், ஃபென்கோன் போன்ற தடையுள்ள கீட்டோன்கள் அறை வெப்பநிலையில் மிக மெதுவாகவே ஆக்சைமாகும். அவற்றைப் பின்னோட்டக் குளிர்விப்பானோடு சூடாக்கியே முடிக்க முடியும்.

மூன்றாம் படி: கழுத்து நீண்ட குடுவையில் விரைவுச் சோதனை

கேசியா குடுவை என்று அழைக்கப்படும், நீண்ட கழுத்தில் 10 மி.லி. வரை அளவுக்கோடுகள் உள்ள குடுவையில் 10 மி.லி. எண்ணெயை எடுத்து, செறிந்த சோடியம் பைசல்ஃபைட் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கொதிநீர்த் தொட்டியில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தால், முதலில் திரளும் வெண்திடப்பொருள் கரைந்து ஆல்டிஹைடு முழுதும் நீர் அடுக்குக்குப் போகும். வினைபுரியாத எண்ணெய் மேலே மிதக்கும். மேலும் கரைசல் ஊற்றி அதைக் கழுத்துக்கு ஏற்றி, ஆறியபின் அளவைப் படித்துக் கழித்தால் ஆல்டிஹைடின் கனஅளவு விழுக்காடு கிடைக்கும். இலவங்கப்பட்டை எண்ணெயின் சின்னமால்டிஹைடை அளக்கவும் இதே குடுவைதான். கொள்முதல் இடத்தில் ஒரு தோராயத்துக்கு இது போதும். மீதைல்ஹெப்டீனோனின் ஒரு பகுதியும் சேர்ந்து கரையும் என்பதால் அதற்கு மேல் இதை நம்ப வேண்டியதில்லை. எடை விழுக்காட்டோடு இந்த எண்ணை நேராக ஒப்பிடவும் கூடாது.

நான்காம் படி: பைசல்ஃபைட்டால் ஆல்டிஹைடைப் பிரித்து மீட்டெடுத்தல்

மேலே சூடாக்கினோம், இங்கே சூடாக்கவே கூடாது. குளிரில் குறுகிய நேரம் வினைபுரிந்தால் பைசல்ஃபைட் கார்போனைலில் மட்டும் சேர்ந்து, திரும்பப் பிரியக்கூடிய படிகமாகிறது. சூட்டிலோ நீண்ட நேரத்திலோ அது இரட்டைப் பிணைப்புகளிலும் ஏறிக்கொள்ளும். அப்படி உண்டான சல்ஃபோனேட் நீரில் நன்றாகக் கரையும், கார்பனேட் சேர்த்தாலும் சிட்ராலாகத் திரும்பாது. அளவிடுவதற்கு நிறைவாக இருந்த அதே வினை, மீட்டெடுப்பதற்கு இழப்பாக முடிகிறது.

சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 19 கிராமை 45 மி.லி. நீரில் கரைத்து, நுரை பெரிதாக எழாதபடி சிறிது சோடியம் பைகார்பனேட் சேர்த்துப் பனிக்கட்டித் தொட்டியில் குளிர்விக்க வேண்டும். கரைசலின் அமிலத்தன்மையைச் சற்றுத் தணிப்பதற்கே பைகார்பனேட். 20 கிராம் எண்ணெயோடு 5 மி.லி. எத்தனாலைக் கலந்து, நன்கு கலக்கிக்கொண்டே இதில் ஊற்ற வேண்டும். எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று தொடும் பரப்பே இங்கு வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் கலக்குதல் தளரக் கூடாது. சில நிமிடங்களில் கலவை தடித்து, அரைமணிக்குள் கெட்டித் தயிர் போலத் திரளும். எத்தனாலை அள்ளி ஊற்றினால் வேகம் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது; அளவு மிஞ்சினால் பைசல்ஃபைட் உப்பே வெண்மையாக வீழ்படிந்து, விளைச்சல் அமோகம் என்ற மயக்கத்தைத் தரும்.

திரண்டதை உறிஞ்சு வடிகட்டியில் வடித்து, குளிர்ந்த எத்தனால் சிறிதளவாலும், பின்னர் டைஎத்தில் ஈத்தர் அல்லது ஹெக்சேனாலும் கழுவ வேண்டும். இந்தக் கழுவுநீரையும் வடிநீரிலிருந்து பிரித்த எண்ணெய் அடுக்கையும் எறியாமல் ஒன்றுசேர்த்து வைக்கவும்: மிர்சீன், ஆல்கஹால்கள், எஸ்டர்கள் ஆகியவற்றோடு கீட்டோனின் பெரும்பகுதியும் அதில்தான் இருக்கிறது. மீதைல் கீட்டோன் என்பதால் மீதைல்ஹெப்டீனோனும் பைசல்ஃபைட்டோடு ஓரளவு சேரும். ஆனால் அதன் சேர்மம் நிலைப்பு குறைந்தது. ஈத்தரால் கழுவும்போது பெரும்பகுதி விட்டுப் பிரிந்து போகும்.

படிகத்தைப் பிரிபுனலில் எடுத்து, 50 மி.லி. ஈத்தரை மேலே ஊற்றி, 10 விழுக்காடு சோடியம் கார்பனேட் கரைசல் 120 மி.லி.யைப் பகுதி பகுதியாகச் சேர்த்து மென்மையாகக் குலுக்க வேண்டும். விடுபடும் சிட்ரால் உடனுக்குடன் ஈத்தருக்குள் போய்விடுவதால் காரத்தோடு அதற்கு நெடுநேரத் தொடர்பு இல்லாமல் போகிறது. இதே இடத்தில் சோடியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்தினால் வேலை விரைவில் முடியும், எதிர் ஆல்டால் வினையும் விரைவில் தொடங்கும். கார்பனேட்டைக்கூடச் சூடாக்கக் கூடாது. சிட்ராலைப் பொட்டாசியம் கார்பனேட்டோடு கொதிக்க வைத்து மீதைல்ஹெப்டீனோன் தயாரிப்பதே ஒரு பழைய ஆய்வக முறை. அமிலம் சேர்த்தும் படிகத்தை உடைக்க முடியும், ஆனால் சல்ஃபர் டைஆக்சைடு கிளம்பும் என்பதோடு சிட்ராலும் அமிலத்தைத் தாங்காது. ஈத்தர் அடுக்கை நீரால் கழுவி, சோடியம் சல்ஃபேட்டால் உலர்த்தி, 40 டிகிரி செல்சியசுக்கு மேற்போகாமல் குறைந்த அழுத்தத்தில் ஈத்தரை ஆவியாக்கினால் எஞ்சுவது சிட்ரால். பெருமளவில் தூய்மையாக்க விரும்பினால் வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கலாம், 2.6 மி.மீ. பாதரச அழுத்தத்தில் அது ஏறத்தாழ 92 டிகிரியில் வடியும். சாதாரண அழுத்தத்தில் அதன் கொதிநிலை 229 டிகிரி என்பதால் அங்கே அதைக் கொதிக்க வைப்பது பொருளை வீணாக்குவதாகும்.

ஐந்தாம் படி: எஞ்சியதிலிருந்து கீட்டோனைப் பிரித்தல்

ஒதுக்கி வைத்த எண்ணெய்ப் பகுதியைப் பின்னக் காய்ச்சி வடித்தால் மிர்சீனும் (கொதிநிலை 167 டிகிரி) மீதைல்ஹெப்டீனோனும் (173 டிகிரி) கூடவே வரும். ஆறு டிகிரி இடைவெளியைச் சிறிய ஆய்வகக் காய்ச்சி வடிக்கும் கம்பத்தால் (column) பிரிப்பது கடினம். இங்கேதான் ஜிரார்டு-டி வினைப்பொருள் கைகொடுக்கிறது. இது நேர்மின்சுமை நிலையாக ஒட்டிய ஒரு ஹைட்ரசைடு. கார்போனைலோடு சேர்ந்ததும் அதை நீரில் கரையும் உப்பாக மாற்றிவிடுகிறது.

எண்ணெய்ப் பகுதியை எத்தனாலில் கரைத்து, பத்தில் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கார்போனைலுக்குச் சற்று மிகுதியான ஜிரார்டு-டியும் சேர்த்து ஒரு மணி நேரம் பின்னோட்டத்தில் சூடாக்க வேண்டும். பிறகு, அசிட்டிக் அமிலத்தின் பெரும்பகுதியை நடுநிலையாக்கும் அளவு காரம் கலந்த பனிநீரில் ஊற்றி ஈத்தரால் பிரித்தெடுத்தால், மிர்சீன் முதலிய கார்போனைல் அல்லாத பொருள்கள் ஈத்தருக்குள் போகும். நீர் அடுக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தால் ஹைட்ரசோன் நீராற்பகுப்படைந்து கீட்டோன் விடுபடும். அதை மீண்டும் ஈத்தரால் எடுக்கலாம். ஆல்டிஹைடுகளின் ஜிரார்டு சேர்மம் இவ்வளவு எளிதில் பிரிவதில்லை. சிட்ராலோ அமிலத்தில் சிதையும். ஆகவே இந்தப் படி சிட்ராலை நீக்கிய பிறகே வர வேண்டும். இரண்டின் வரிசையை மாற்றினால் இரண்டுமே கெடும்.

ஆறாம் படி: வாயு வண்ணப்பிரிகை

பிரித்தெடுக்காமலேயே தனித்தனியாக அளக்க, ஆய்வகங்களில் ஜிசி என்றே சொல்லப்படும் வாயு வண்ணப்பிரிகையும் தீச்சுடர் அயனியாக்க உணர்வியும் போதும். பொருள்களைப் பிரிக்கும் நீண்ட குழாயான கம்பங்களில் எதைத் தேர்வது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் எப்போதும் மாட்டியிருக்கும் 5 விழுக்காடு பீனைல் கொண்ட சிலிக்கோன் கம்பத்தில் மீதைல்ஹெப்டீனோனின் தேக்கக் குறியீடு (பொருள் வெளிவரும் வரிசையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 986, மிர்சீனுடையது 991. மேற்கிந்திய வகை எண்ணெயில் மிர்சீன் வரைபடத்தில் பெரிய மேடாக எழும்பும்போது கீட்டோன் அதன் முன்தோளில் ஒட்டிக்கொண்ட சிறு வீக்கமாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. அதே கம்பத்தில் சிட்ரால்-பி 1240, சிட்ரால்-ஏ 1270 அருகே வர, ஜெரானியால் ஆல்கஹால் இரண்டுக்கும் நடுவே 1255இல் நுழையும்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் கம்பத்துக்கு மாறினால் இந்தத் தொல்லைகள் இரண்டும் ஒருசேர நீங்கும். அங்கே மிர்சீன் 1165 அருகே வந்துவிடும், மீதைல்ஹெப்டீனோன் 1340 வரை தங்கும். சிட்ராலின் இரு மேடுகளும் 1680க்கும் 1735க்கும் அருகே அமைய, ஜெரானியால் 1850 அளவில் தனியே பின்தங்கும். 30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. உள்விட்டம், 0.25 மைக்ரோமீட்டர் படலம் உள்ள கம்பம் போதுமானது. 60 டிகிரியில் இரண்டு நிமிடம் வைத்து, நிமிடத்துக்கு 4 டிகிரி வீதம் 220 வரை ஏற்றலாம்.

எண்ணெய் 100 மில்லிகிராம், உள்தரப் பொருளாக (ஒப்பீட்டுக்காக அறிந்த அளவில் சேர்ப்பது) என்-டெட்ராடெக்கேன் 20 மில்லிகிராம் இரண்டையும் எடையிட்டு ஹெக்சேனில் கரைத்து 10 மி.லி. ஆக்கி, 1 மைக்ரோலிட்டரை 1:50 பிரிப்பு விகிதத்தில் செலுத்த வேண்டும். தூய சிட்ராலையும் தூய மீதைல்ஹெப்டீனோனையும் இதே உள்தரப் பொருளோடு அறிந்த அளவுகளில் கலந்து முன்கூட்டியே ஓட்டி, ஒவ்வொன்றின் துலங்கல் காரணியையும் (ஒரே எடைக்கு உணர்வி காட்டும் அளவின் விகிதம்) கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும்.

‘மேடுகளின் பரப்பு விழுக்காட்டை அப்படியே எழுதினால் என்ன?’ என்று பலர் கேட்பதுண்டு. சான்றிதழ்களிலும் அப்படித்தான் எழுதப்படுகிறது. தீச்சுடர் உணர்வி எரியும் கார்பனை எண்ணுகிறது. ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்போனைல் கார்பனை அது ஏறத்தாழ எண்ணுவதே இல்லை. பத்துக் கார்பன் உள்ள சிட்ரால் ஒன்பதாகத் தெரியும். பத்துக் கார்பன் உள்ள மிர்சீன் பத்தாகவே தெரியும். மூலக்கூறு நிறையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கிராம் மிர்சீன் தரும் துலங்கலில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் ஒரு கிராம் சிட்ரால் தருகிறது. 75 கிராம் சிட்ராலும் 25 கிராம் மிர்சீனும் மட்டுமே உள்ள கலவை பரப்பு விழுக்காட்டில் சிட்ரால் 71 என்றே காட்டும். விற்பவருக்கு நான்கு விழுக்காடு இழப்பு என்பது சிறிய செய்தியல்ல.

ஏழாம் படி: நுண்ணளவு ஆல்டிஹைடுகளுக்கு ஹைட்ரசோன் முறை

சிட்ரால் உடைந்தால் மீதைல்ஹெப்டீனோனுக்குச் சோடியாக அசிட்டால்டிஹைடு வரும் என்று கண்டோம். அதன் கொதிநிலை 20 டிகிரி மட்டுமே. ஜிசியில் கரைப்பானின் மேட்டுக்குள் அது மறைந்துவிடும். இத்தகைய சிறிய கார்போனைல்களுக்கு 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன், சுருக்கமாக டிஎன்பிஎச், தான் உரிய வழி. அமில ஊடகத்தில் அது கார்போனைலோடு சேர்ந்து, 360 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உட்கவரும் ஹைட்ரசோனைத் தருகிறது. உயர்திறன் திரவ வண்ணப்பிரிகையால் அவற்றைப் பிரித்து அளக்கலாம். காற்றிலுள்ள ஃபார்மால்டிஹைடை அளக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த டிஓ-11ஏ முறையின் அடிப்படையும் இதுவே.

எண்ணெயை நேரடியாக டிஎன்பிஎச் கரைசலில் கலந்தால் சிட்ரால் அத்தனையும் வினைப்பொருளைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாக, 5 கிராம் எண்ணெயைச் சிறு குப்பியில் எடுத்து, அறை வெப்பநிலையில் அதன் வழியே நைட்ரஜனை மெதுவாகச் செலுத்தி, வெளிவரும் வாயுவை டிஎன்பிஎச் பூசிய சிலிக்கா குழல்கள் இரண்டின் வழியே அடுத்தடுத்துப் போக விட வேண்டும். இரண்டாவது குழலில் குறிப்பிடத்தக்க அளவு ஹைட்ரசோன் தென்பட்டால் முதற்குழல் நிறைந்துவிட்டது என்று பொருள். எண்ணெயின் அளவையோ நேரத்தையோ குறைத்து மீண்டும் செய்ய வேண்டும். குழலை 5 மி.லி. அசிட்டோநைட்ரைலால் கழுவியெடுத்து, சி18 கம்பத்தில், அசிட்டோநைட்ரைலும் நீரும் 60:40 என்ற விகிதத்தில் தொடங்கி அசிட்டோநைட்ரைலைப் படிப்படியாகக் கூட்டும் நகரும் நிலைமையில் (கம்பத்தின் வழியே ஓடும் கரைப்பானில்) ஓட்டலாம். ஃபார்மால்டிஹைடு முதலில் வரும், அடுத்து அசிட்டால்டிஹைடு. அக்ரோலீனும் அசிட்டோனும் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடும். நகரும் நிலைமையில் சிறிது டெட்ராஹைட்ரோஃபியூரான் சேர்ப்பது இந்த இரண்டையும் விலக்க உதவும்.

கணக்கிடும்போது ஹைட்ரசோனின் எடையை ஆல்டிஹைடின் எடையாக மாற்ற மறக்கக் கூடாது. ஃபார்மால்டிஹைடு ஹைட்ரசோன் 210.15, ஃபார்மால்டிஹைடு 30.03, ஆகவே 7 மைக்ரோகிராம் ஹைட்ரசோன் 1 மைக்ரோகிராம் ஃபார்மால்டிஹைடுக்குச் சமம். அசிட்டால்டிஹைடுக்கு இந்த விகிதம் 5.09. விற்பனைக்கு வரும், செறிவு அறிந்த திட்டக் கரைசல்களின் குப்பியில் செறிவு ஹைட்ரசோனாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, ஆல்டிஹைடாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்க்க வேண்டும்.

அசிட்டால்டிஹைடு ஹைட்ரசோன் சில வேளைகளில் இரண்டு மேடுகளாக வரும். கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பைச் சுற்றிய வடிவ மாற்றியங்களே அவை. அமிலத்தின் அளவுக்கேற்ப அவற்றின் விகிதம் மாறும். திட்டக் கரைசலில் ஒரே மேடும் மாதிரியில் இரண்டும் இருந்தால், பெரிய மேட்டை மட்டும் எடுப்பது குறைத்து மதிப்பிடுவதாகும். இரண்டையும் கூட்டலாம்; அல்லது திட்டக் கரைசலிலும் சிறிது பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து இரண்டையும் ஒரே சமநிலைக்குக் கொண்டுவரலாம்.

ஒரு மேடு ஆல்டிஹைடா கீட்டோனா என்ற ஐயம் எழுந்தால் நிறைமாலைமானி தீர்த்து வைக்கும். எதிர்மின் அயனி முறையில் ஆல்டிஹைடுகளின் ஹைட்ரசோன்கள் உடையும்போது 163 என்ற சிறப்பான துண்டைத் தரும். கீட்டோன்களில் அது காணப்படாது அல்லது மிக நலிந்திருக்கும். நிறைமாலைமானி இல்லாத இடத்தில் உட்கவர் நிறமாலையின் உச்சியைப் பார்க்கலாம்: இரட்டைப் பிணைப்போடு இணைந்த கார்போனைல் என்றால் உச்சி 360ஐத் தாண்டி நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்திருக்கும்.

இந்த முறையில் மாதிரி இல்லாமல் செய்து பார்க்கும் வெற்றுச் சோதனை இல்லாத முடிவு எதற்கும் உதவாது. டிஎன்பிஎச் தானே காற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடையும் அசிட்டோனையும் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரங்களை அசிட்டோனால் அலசி உலர்த்தும் பழக்கம் உள்ள ஆய்வகத்தில், இந்த வேலைக்கென்று தனி அறையோ குறைந்தது தனிப் பாத்திரங்களோ வேண்டும். பக்கத்து மேசையில் ஒருவர் அசிட்டோன் குப்பியைத் திறந்தால் போதும், குரோமட்டோகிராமில் அந்த மேடு எழுந்து நிற்கும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, உலர்ந்த டிஎன்பிஎச் வெடிக்கக்கூடியது. அதனால்தான் அது ஈரமாகவே விற்கப்படுகிறது. குப்பி காய்ந்து போகாமல் பார்த்துக்கொள்வதும், சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடைப்பதும் கட்டாயம்.

எட்டாம் படி: எண்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல்

எடுத்துக்காட்டாக, தரம்பார்த்தலில் 75.0 வந்த எண்ணெயில் ஜிசி சிட்ரால் 71.8, மீதைல்ஹெப்டீனோன் 1.5, சிட்ரோனெல்லால் என்ற இன்னோர் ஆல்டிஹைடு 0.6 விழுக்காடு என்று காட்டுவதாகக் கொள்வோம். கீட்டோனைச் சிட்ராலாக மாற்றினால் 1.81, சிட்ரோனெல்லாலை மாற்றினால் 0.59, மூன்றும் சேர்ந்து 74.2. மீதமுள்ள 0.8 இரு முறைகளின் பிழை எல்லைக்குள் அடங்கலாம், அளக்காத சிறு கார்போனைல்களாகவும் இருக்கலாம். இடைவெளி மூன்று நான்கு விழுக்காடாக விரிந்தால் ஏதோ ஒன்று தவறு. தரம்பார்த்தல் கூடுதலாக இருந்தால் முதலில் வினைப்பொருளின் அமிலத்தையும் வெற்றுச் சோதனையையும் சந்தேகிக்க வேண்டும். ஜிசி கூடுதலாக இருந்தால் துலங்கல் காரணியையும், திட்டச் சிட்ராலின் தூய்மையையும். பழைய குப்பியில் இருந்த சிட்ராலை நூறு விழுக்காடு தூய்மையானது என்று எடுத்துக்கொண்டால் மாதிரி உண்மையைவிடச் செழிப்பாகத் தெரியும்.

மீட்புச் சோதனையும் செய்யத்தக்கது. 71.8 விழுக்காடு உள்ள எண்ணெயில் அறிந்த எடை மீதைல்ஹெப்டீனோனைச் சேர்த்து மறுபடி ஓட்டினால், கூடுதலாகச் சேர்த்தது முழுமையாகத் திரும்ப வருகிறதா என்று தெரியும். ஹைட்ரசோன் முறைக்கும் இதுவே வழி: நைட்ரஜன் எல்லா அசிட்டால்டிஹைடையும் வெளியேற்றிவிட்டது என்று கருதிக்கொள்ளாமல், புதிய எண்ணெயில் அறிந்த அளவு அசிட்டால்டிஹைடைச் சேர்த்து, வெளிவரும் பங்கைக் கண்டு அதைக் கொண்டு திருத்த வேண்டும்.

அறிக்கையில் ‘சிட்ரால்: 75 விழுக்காடு’ என்று ஒற்றை வரி எழுதாமல், ‘மொத்தக் கார்போனைல், சிட்ராலாகக் கணக்கிடப்பட்டது, ஹைட்ராக்சிலமீன் முறை: 75.0 விழுக்காடு எடை. சிட்ரால்-ஏ, சிட்ரால்-பி இரண்டும் சேர்ந்து, வாயு வண்ணப்பிரிகை, உள்தரப் பொருளுடன்: 71.8 விழுக்காடு எடை. மீதைல்ஹெப்டீனோன், அதே முறை: 1.5 விழுக்காடு எடை’ என்று, மாதிரி எடுத்த நாளையும் ஆய்ந்த நாளையும் சேர்த்து எழுத வேண்டும். அடுத்த ஆண்டு அதே குப்பியைத் திறந்து அளப்பவர் முதலில் தேடுவது அந்த 1.5ஐத்தான்.